மஞ்சள் ஓரத்தில் ஒரு பெயர்

2021ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மறுபடியும் நீட்டிக்கப்பட்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஓவியர்கள் பயன்படுத்தும் மெத்தென்ற ரப்பரால் ஒரு கார்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானியப் போக்கிமோன் கார்டு. 1996இல் வெளிவந்த முதல் தொகுப்பைச் சேர்ந்த 'லிசார்டன்'. சாரிசார்ட் என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் மஞ்சள் ஓரத்தில், கீழே, பென்சிலால் மூன்று ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. ஒரு பையனின் பெயர். அதைத்தான் அழித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார்டு எங்கள் வீட்டுக்கு வந்த கதை சின்னது. தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா தஞ்சோங் பூங்காவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தார். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் மேலாளர். ஒப்பந்தம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய மகன் ஒரு நீலநிற பிஸ்கட் டின் நிறைய கார்டுகளை அம்மாவிடம் கொடுத்து அண்ணனுக்குத் தரச் சொன்னானாம். அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே வயது, பத்து இருக்கும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போனபோது இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் பேசியது இன்னொருவனுக்குப் புரிந்திருக்காது. எனக்கு அப்போது மூன்று வயது.

இருபது வருடங்கள் அந்த டின் அலமாரியின் மேல் தட்டில் கிடந்தது. 2021இல் உலகமே போக்கிமோன் கார்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான் எனக்கு அதன் ஞாபகம் வந்தது. பென்சில் எழுத்து இருந்தால் கார்டின் தரம் இறங்கும். அழித்துவிட்டால் ஏறும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் கார்டுகளின் வரலாறு. நான் அதைத் தேடிப் படித்ததே செய்த காரியத்துக்கு ஒரு சமாதானம் கிடைக்குமா என்று பார்க்கத்தான்.

*

ஜப்பானிய மொழியில் சீட்டுக்கு 'கருதா' என்று பெயர். போர்த்துகீசிய 'கார்த்தா'விலிருந்து வந்த சொல். 1543இல் போர்த்துகீசியர்கள் ஜப்பானின் தானேகாஷிமா தீவில் கரையிறங்கினார்கள். அவர்களோடு துப்பாக்கி போனது, பின்னாலேயே சீட்டுக்கட்டும் போனது. அப்போது மலாக்கா அவர்கள் கைக்கு வந்து 32 வருடங்கள் ஆகியிருந்தன. கிழக்கே போகும் அவர்களின் கப்பல்களுக்கு நம் மலாக்காதான் இடைத்துறை. பிரான்சிஸ் சேவியர் 1547இல் அன்ஜிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்ததும் மலாக்காவில்தான். சீட்டும் இந்தக் கடல்வழியாகப் போயிருக்கும் என்று நினைக்கையில் ஒரு மலேசியனாக எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. தமிழில் 'கடுதாசி' என்கிறோமே, அகராதி அதற்கும் போர்த்துகீசிய மூலத்தைத்தான் காட்டுகிறது. இலங்கைத் தமிழர்கள் சீட்டாட்டத்தை இன்றும் 'கடதாசி விளையாட்டு' என்பார்கள்.

பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் கியூஷூ தீவின் மீகே என்ற ஊரில் ஜப்பானியர்களே சீட்டு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். சீட்டு வந்தால் சூதும் வருமே. எடோ காலத்து ஆட்சி திரும்பத் திரும்பத் தடை போட்டது. ஒரு வகைச் சீட்டைத் தடைசெய்தால் வேறு படம் போட்ட சீட்டு வரும். எண்களே இல்லாமல், பன்னிரண்டு மாதங்களுக்கும் பூக்களையும் செடிகொடிகளையும் வரைந்த 48 சீட்டுகள் கொண்ட 'ஹனாஃபுடா' இப்படித்தான் உருவானது. 1889இல் கியோத்தோவில் யமாவுச்சி ஃபுசாஜிரோ என்பவர் அந்த ஹனாஃபுடாவைச் செய்து விற்க ஒரு கடை திறந்தார். அந்தக் கடைதான் நிண்டெண்டோ. சரியாக 107 வருடங்கள் கழித்து, அதே நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியில்தான் போக்கிமோன் பிறந்தது.

குழந்தைகளுக்குத் தனியாக 'மெங்கோ' என்று ஒன்று இருந்தது. தரையில் கிடக்கும் எதிராளியின் வில்லைமேல் நம் வில்லையை ஓங்கி அடித்து அதைப் புரட்டவேண்டும். புரண்டால் அது நம்முடையது. எடோ காலத்தில் களிமண்ணில் செய்தார்கள், மெய்ஜி காலத்தில் ஈயத்தில், அப்புறம் அட்டையில். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனும் அவன் கூட்டாளிகளும் எங்கள் தாமான் ஐந்தடியில் அந்த லிசார்டனை வைத்து விளையாடியது இதையேதான். கார்டில் எழுதியிருந்த ஜப்பானிய மொழி யாருக்கும் தெரியாது. விதிகளும் தெரியாது. ஆகவே சிமெண்டில் போட்டு உள்ளங்கையால் அடித்துப் புரட்டினார்கள்.

*

சேகரிப்பு மோகம் ஜப்பானில் தின்பண்டப் பொட்டலத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 1971இல் கால்பி நிறுவனம் 'கமென் ரைடர்' தொலைக்காட்சித் தொடரின் பெயரில் ஒரு தின்பண்டம் விட்டது. விலை 20 யென். வாங்கினால் ஒரு கார்டு இலவசம். பிள்ளைகள் கார்டை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தை வீசினார்கள். தெருவோரமெல்லாம் பிரிக்காத பொட்டலங்கள் கிடந்தது அன்று பெரிய சமூகப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. 1985இல் லோட்டே நிறுவனத்தின் 'பிக்குரிமான்' சாக்லேட் அதே கதையை மறுபடியும் ஆரம்பித்தது. 30 யென் சாக்லேட்டுக்குள் தேவர்களும் அசுரர்களும் மோதும் ஸ்டிக்கர். அதில் சில மட்டும் மிக அரிது, மினுமினுக்கும். சாக்லேட் குப்பைக்குப் போக, ஸ்டிக்கர் கைமாறி விலைபோனது. 1988இல் அரசின் நியாய வணிக ஆணையமே தலையிடவேண்டியதாயிற்று.

அதே 1988இல் பண்டாய் நிறுவனம் தின்பண்டத்தையே நீக்கிவிட்டது. 'கார்டாஸ்' என்ற இயந்திரத்தில் 20 யென் காசைப் போட்டுத் திருகினால் ஒரு கார்டு விழும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு போடுவது இப்போது வெளிப்படையாகவே வியாபாரம்.

1993இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' வந்தது. சேகரித்த கார்டுகளை வைத்தே ஒரு முழு விளையாட்டை விளையாடலாம் என்று அது காட்டியது. அதை ஆர்வத்தோடு கவனித்தவர்களில் இஷிஹாரா சுனேகாசு ஒருவர். போக்கிமோன் கேம் பாய் விளையாட்டு 1996 பிப்ரவரி 27இல் வெளியானது. எட்டு மாதம் கழித்து, அக்டோபர் 20இல், மீடியா ஃபேக்டரி நிறுவனத்தின் வழியாகப் போக்கிமோன் கார்டுகள் வந்தன. முதல் தொகுப்பில் 102 கார்டுகள். லிசார்டனை வரைந்தவர் அரித்தா மிட்சுஹிரோ. மிக முதல் அச்சில் அருமையைக் குறிக்கும் வட்டமோ நட்சத்திரமோ கிடையாது. அச்சடித்தவர்களுக்கு அப்போது அது விடுபட்ட ஒரு குறி. இன்று அந்தக் குறி இல்லாத கார்டுக்குத்தான் விலை அதிகம். எங்கள் வீட்டுக் கார்டில் நட்சத்திரம் இருந்தது. ஏமாற்றத்தோடுதான் அதைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று உலகிலேயே அதிகம் பேசப்படும் போக்கிமோன் கார்டு 'பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்'. அது எந்தப் பொட்டலத்திலும் வரவில்லை. 1997, 1998 ஆண்டுகளில் 'கோரோகோரோ காமிக்' இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கொடுத்த பரிசு அது. அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 39. படம் நிஷிதா அட்சுகோ வரைந்தது. பிக்காச்சுவை உருவாக்கியவரும் அவர்தான். 'நீ நன்றாக வரைந்தாய்' என்று ஒரு பத்திரிகை தன் வாசகருக்குக் கொடுத்த சான்றிதழ், அவ்வளவுதான். 2021இல் அமெரிக்க யூடியூபர் லோகன் பால் அதில் ஒன்றை 52,75,000 டாலர் மதிப்பில் வாங்கினார். அதே கார்டின் மற்ற பிரதிகளைவிட இதற்கு இவ்வளவு விலை ஏன் என்றால், அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் உச்சியில் '10' என்று எழுதியிருந்தது.

*

அந்த 10 எங்கிருந்து வந்தது?

அதற்கு நாணயங்களுக்குப் போகவேண்டும். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், பழைய அமெரிக்க செம்புக் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் காசின் நிலையைக் குறிக்க 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் கொடுத்தார். தேய்ந்துபோன 1ஆம் தரக் காசு ஒரு டாலர் என்றால், அப்பழுக்கற்ற 70ஆம் தரக் காசு எழுபது டாலர். ஆரம்பத்திலேயே அது விலைக்கோல்தான். தரம் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் இறந்து பல வருடங்கள் கழித்து இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த மட்டமான காசுகளை அந்த இடத்தில் வைத்திருக்கிறார் மனுஷன்.

1986இல் நாணயங்களுக்குத் தரம் குறித்து மூடி முத்திரையிடும் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆட்கள் 1991இல் கார்டுகளுக்கு பி.எஸ்.ஏ. நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 70க்குப் பதில் 10. அவர்கள் தரம் குறித்த முதல் கார்டு, 1909 முதல் 1911 வரை சிகரெட் பொட்டலங்களில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு. அதற்கு 8 கொடுத்தார்கள். நூறு வயதை நெருங்கும் அட்டைக்கு 8 என்பது பெரிய விஷயம். 2007இல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: எண்பதுகளில் அந்தக் கார்டின் ஓரங்களை அவர் வெட்டிச் சீராக்கியிருந்தார். வெட்டிய கார்டுக்குத் தரமே கொடுக்கக்கூடாது என்பதுதான் விதி. தரக்குறியீட்டின் முதல் கார்டே அப்படிப்பட்டது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாஸ்ட்ரோவிடம் கத்தி இருந்தது, என்னிடம் ரப்பர் இருந்தது.

தரம் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்குச் சுலபமாகப் புரிந்தது, ஏனென்றால் என் பிழைப்பும் அதுதான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியியலாளன் நான். கார்டில் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, விளிம்பில் வெள்ளை தெரிகிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா. எங்கள் தொழிற்சாலையில் ஒரு சோதனையை நம்புவதற்கு முன் சோதிப்பவரையே சோதிப்போம். ஒரே பொருளை ஒரே ஆள் இரண்டு முறை பார்த்தால் ஒரே பதில் வருகிறதா? இரண்டு பேர் பார்த்தால்? பதில் மாறினால் அந்த அளவுகோலை வைத்து அத்தனை நுணுக்கமாகப் பிரிக்கக்கூடாது. கார்டு உலகத்தில் 9 வந்தால் பெட்டியை உடைத்துத் திரும்ப அனுப்பி 10க்கு முயற்சி செய்வது சாதாரணம். சில சமயம் 10 வந்தும்விடுகிறது. கார்டு மாறவில்லை, பார்த்த கண் மாறியிருக்கிறது. ஆனால் 9க்கும் 10க்கும் நடுவே விலை பல மடங்கு வித்தியாசம். எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு சோதனையை வைத்து ஒரு பெட்டி சரக்குகூட வெளியே அனுப்ப விடமாட்டேன். ஆனால் என் போனஸை அதில்தான் போட்டேன்.

ஆமாம், ரப்பரோடு நிறுத்தவில்லை. 3,000 வெள்ளிக்கு 10 தரமிட்ட புதிய ஜப்பானியக் கார்டுகளும் வாங்கினேன். அந்தக் காலம் அப்படி. 2021 பிப்ரவரியில் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனம் ஏறத்தாழ 85 கோடி டாலருக்குக் கைமாறியது. மார்ச் மாதம் கார்டுகள் மலைபோல் குவிந்ததால் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. மே மாதம் அமெரிக்காவில் ஒரு கடை வாகன நிறுத்துமிடத்தில் கார்டுக்காக அடிதடி நடந்து, டார்கெட் நிறுவனம் தன் கடைகளில் கார்டு விற்பதையே கொஞ்ச நாள் நிறுத்தியது. ஜப்பானுக்கு இது புதிதல்ல. 1999 ஆகஸ்டில் டோக்கியோ டோமில் யூகியோ கார்டு போட்டி நடந்தபோது, சிறப்புக் கார்டுகள் தீர்ந்துபோய்க் கூட்டம் கலவரமாகிப் போலீஸ் வரவேண்டியிருந்தது.

முதலீடு என்று பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2021 மார்ச் வரை உலகம் முழுக்க அச்சான போக்கிமோன் கார்டுகள் 3,410 கோடி. 2024 மார்ச்சில் அது 6,480 கோடி. இருபத்து நான்கரை வருடங்களில் அச்சடித்ததில் பத்தில் ஒன்பது பங்கை அடுத்த மூன்றே வருடங்களில் அச்சடித்துவிட்டார்கள். 1996இல் பிள்ளைகள் கார்டை அடித்துத் தேய்த்தார்கள், அதனால் நல்ல நிலையில் மிஞ்சியது கொஞ்சம். 2021இல் வாங்கிய ஒவ்வொருவரும் பொட்டலத்தைப் பிரித்ததுமே உறைக்குள் போட்டோம், நானும்தான். எல்லாரும் பாதுகாக்கிற ஒன்று எப்படி அரிதாகும்? 10 தரமிட்ட பிரதிகள் எத்தனை என்று நிறுவனமே கணக்கு வெளியிடுகிறது. அந்த எண் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், இறங்குவது அபூர்வம். கார்டு வட்டி தராது, லாப ஈவு தராது. நமக்குப் பின்னால் இன்னொருவர் அதிக விலைக்கு வாங்க வரவேண்டும் என்பது மட்டும்தான் அதன் வருமானம். என் 3,000 வெள்ளியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி வந்தது.

*

இனி லிசார்டன். தரம் குறிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அதை அனுப்பினேன். பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. பெட்டியும் இல்லை, எண்ணும் இல்லை. சுத்தம் செய்யப்பட்ட அடையாளம் இருப்பதால் தரம் குறிக்க இயலாது என்று ஒரு வரி. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ரப்பர் பட்ட இடத்தில் பளபளப்பு மங்கியிருந்தது.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் ஜொகூரிலிருந்து வரமுடியவில்லை, அடுத்த வருடம்தான் வந்தான். கார்டை அவனிடம் காட்டினேன். அவன் விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேரு எங்கடா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அவன் பேரு எனக்கு ஞாபகம் இல்லடா. அதான் அங்க இருக்கேன்னு விட்டுட்டேன். ஜப்பான்காரங்க யாராச்சும் கெடச்சா படிக்கச் சொல்லலாம்னு பாத்தேன். சிங்கப்பூர்ல எங்க சைட்டுல ஒருத்தர் வந்துருக்காரு இப்போ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி கைப்பேசி விளக்கை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அந்த ஓரத்தைப் பார்த்தேன். தொழிற்சாலையில் மேற்பரப்புக் கீறல் பார்க்க நாங்கள் செய்வது இதுதான், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விடுவது. பென்சிலின் கறுப்பு போயிருந்தாலும் ஒரு பத்து வயதுப் பையன் அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. முதல் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது கொஞ்சம் தெரிந்தது. மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. அங்கேதான் நான் அதிகம் தேய்த்திருக்கவேண்டும்.

தெரிந்த இரண்டு எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து அண்ணனிடம் கொடுத்தேன். சிங்கப்பூர் போனதும் அந்த ஜப்பானியரிடம் காட்டியிருக்கிறான். இந்த இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும் பெயர்கள் நிறைய இருக்கின்றன என்று அவர் நாலைந்து பெயர்களை வரிசையாகச் சொன்னாராம். எதுவும் அண்ணனுக்கு மணி அடிக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அந்த வீட்டம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கறி சமைத்தது, அதில் கேரட்டை மட்டும் அந்தப் பையன் ஒதுக்கி வைத்தது, மழைச்சத்தம் பெரிதாகக் கேட்டால் ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டது எல்லாம் சொன்னார்.

"பேரும்மா?"

"பேரு வாயில நொழையலப்பா எனக்கு. தம்பின்னுதான் கூப்புடுவேன். அந்தப் புள்ளயும் திரும்பிப் பாக்கும்."

கார்டு இப்போது மறுபடியும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. மேலே சாதாரண உறை ஒன்று போட்டிருக்கிறேன். அண்ணன் மகனுக்கு ஆறு வயதாகிறது. போன முறை வந்தபோது டின்னைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டான். அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி உள்ளங்கையைக் குவித்து அடித்தால் கார்டு புரளும் என்று காட்டிக்கொடுத்தான். நான் உறையைக் கழற்றிக் கொடுத்தேன்.